அப்பால படிக்கிற பெட்டி

மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைத் தின்பதில் புகழேந்திக்கு ஒரு பழக்கம் உண்டு. சொத்தை, சூம்பல், முளைவிட்டது எல்லாவற்றையும் முதலில் வாயில் போட்டுக்கொள்வான். நல்ல திரண்ட பருப்பாகப் பார்த்துச் சட்டைப் பையில் ஒதுக்குவான். கடைசியில் நிதானமாக உட்கார்ந்து தின்னலாம் என்பது அவன் போடும் கணக்கு. அந்தக் கணக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. அதற்குள் மில்லில் மணி அடித்துவிடும், இல்லாவிட்டால் கூட வேலை செய்கிற சின்னக்கண்ணு பைக்குள் கையை விட்டு அள்ளிக்கொண்டு போய்விடுவான்.

"உனுக்குன்னு எடுத்து வெச்சத நீ துன்னு நான் பாத்ததே இல்ல புகழு. ஊருக்குப் பொறுக்கிப் போடவே பொறந்தவன்டா நீ" என்பான் சின்னக்கண்ணு, அதையே மென்றுகொண்டு.

புத்தகங்களையும் அவன் அப்படித்தான் படித்தான்.

கிளியனூரிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் இருக்கிறது அந்த மல்லாட்டை உடைக்கிற மில். மூட்டையைத் தூக்கி மிஷின் வாயில் கொட்டுவது புகழேந்தியின் வேலை. தோல் ஒரு பக்கம் பறக்கும், பருப்பு ஒரு பக்கம் விழும். தூசி மட்டும் பக்கம் பார்க்காமல் எல்லார் மேலும் விழும். மத்தியானம் மிஷின் நின்றதும் மூக்கையும் வாயையும் கழுவிக்கொண்டு, கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருக்கிற தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது கையில் எதையாவது பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பேய்க்கதை, துப்பறியும் கதை, முன்னும் பின்னும் கிழிந்துபோன வாரப்பத்திரிகைத் தொடர், பஜ்ஜி மடித்து வந்த தாள் என்று எதுவானாலும் படிப்பான், படித்ததைக் கூட இருக்கிறவர்களுக்குக் கதையாகச் சொல்லவும் செய்வான். ஆனால் நல்ல புத்தகம் ஒன்றைக் கூட அவன் மில்லுக்குக் கொண்டுபோனது கிடையாது.

நல்ல புத்தகங்கள் எல்லாம் வீட்டில், கட்டிலுக்கு அடியில், தகரப்பெட்டிக்குள் இருந்தன. திண்டிவனம் ரயிலடிப் பக்கம் முருகையன் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். மூடிப்போன படிப்பகங்களிலிருந்தும், இறந்துபோன வாத்தியார்களின் வீடுகளிலிருந்தும் அவருக்குப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கும். புகழேந்தி மூட்டைகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தைப் படிப்பான். சப்பென்று இருந்தால் மில்லுக்கு. முதல் பக்கமே ஆளைப் பிடித்து நிறுத்தினால் உடனே மூடிவிடுவான், வாசம் போய்விடுமோ என்பதுபோல. அது பெட்டிக்கு.

"இதெல்லாம் எப்பயா படிப்ப?" என்று அவன் மனைவி பிரபாவதி கேட்காத வருஷம் இல்லை.

"அப்பால."

"அப்பாலன்னா எப்ப?"

"இசை கல்யாணம் முடியட்டும்."

மகள் இசைவாணிக்குக் கல்யாணம் ஆகி, பொம்மையார்பாளையத்துக்குப் போய், கடற்கரை விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்கிற வேலையிலும் சேர்ந்தாயிற்று. பிறகு அந்த அப்பால, வீட்டுக்குக் கூரை மாற்றின பிறகு என்று தள்ளிப்போயிற்று. அதற்குப் பிறகு மில் வேலையை விட்ட பிறகு என்று ஆயிற்று.

அவன் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தலையெல்லாம் தோலும் தூசியுமாக, எப்போது மணி அடிப்பானோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படிக்கிற படிப்பு இதற்கெல்லாம் ஆகாது என்று நினைத்தான். குளித்துவிட்டு, மனதில் கவலை ஒன்றும் இல்லாமல், யாரும் கூப்பிடாத ஒரு பகலில் உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகங்கள் அவை. அப்படி ஒரு பகல் தன்னைப் போன்றவனுக்கு எங்கிருந்து வரும் என்று மட்டும் அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை.

தூசியால் கண் சிவந்துபோகும். அரிக்கும். சாயங்காலம் எழுத்தெல்லாம் தண்ணீரில் விழுந்ததுபோல் ஆடும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் அதற்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்திருந்தார், பத்து நாளைக்கு. ஒரு சொட்டு விட்டால் போதும், சிவப்பு போய், அரிப்பு போய், எழுத்து கழுவி வைத்ததுபோல் தெரியும். புகழேந்திக்கு அது மருந்தாகத் தெரியவில்லை, படிப்புக்கு உண்டான சாமானாகத்தான் தெரிந்தது. அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துப் பிரபாவதியிடம் கொடுத்தான். அவள் வாரச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் மருந்துக்கடையில் அந்த மூடியைக் காட்டுவாள், கடைக்காரரும் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். கத்தரிக்காய், கருவாடு, கண் மருந்து. ஒரு தடவை கூட அவள் மறந்ததில்லை.

ஐப்பசி மழையில், மில்லிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவன் சாலையோரம் நின்ற மாட்டின் மேல் போய் மோதினான். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவனுக்கு முழங்கை பெயர்ந்துவிட்டது.

"அம்மாம் பெரிய மாடு கண்ணு தெரியல?" என்றாள் பிரபாவதி, மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டே.

"ஓரமா இருந்துச்சு. நேரா இருந்தா தெரியும்."

அவள் கை நின்றுவிட்டது. "ஓரமா இருந்தா தெரியலையா? எப்பலேர்ந்து?"

அவனுக்கே தெரியவில்லை. கொஞ்ச காலமாக வலது கண் ஒருமாதிரிதான். இடது கண் நன்றாக இருந்ததால் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. வரி முடிந்து அடுத்த வரிக்கு வரும்போது வழி தவறிப்போகும். தாளில் விரலை வைத்துக்கொண்டு சமாளித்துவந்தான்.

இசைவாணி விடுதியில் லீவு சொல்லிவிட்டு வந்து அவனைப் பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பிரபாவதியும் போனாள். சின்னப் பெண்ணாக ஒரு டாக்டரம்மா, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, "ஏதாவது மருந்து போட்டீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

புகழேந்தி பெருமையாகச் சட்டைப் பையிலிருந்து அந்தக் குப்பியை எடுத்துக் காட்டினான். மருந்து தவறாமல் போடுகிற ஆள் என்று பாராட்டுவார்கள் என்பது அவன் நினைப்பு.

அந்தப் பெண் குப்பியைத் திருப்பிப் படித்தாள். "எவ்வளவு நாளா?"

"அது இருக்கும்ங்க, நம்ம பொண்ணு எட்டாவது படிக்கச் சொல்லோ ஆரம்பிச்சது."

டாக்டரம்மா இசைவாணியை ஒரு தரம் பார்த்தாள். இசைவாணிக்கே இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. "ஐயா, இது கொஞ்ச நாளைக்கு மட்டும் போடற மருந்து. தொடர்ந்து போட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிடும். வலிக்காது. நரம்பு ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே வரும். வலது கண்ணு சுத்தமா போயிடுச்சு. இடது கண்ணுல நடுவுல மட்டும் கொஞ்சம் இருக்கு. அதைக் காப்பாத்தப் பார்க்கறோம். ஆனா உறுதி சொல்ல முடியாது. போனது திரும்ப வராது."

"படிக்கலாங்களா?" என்றான் புகழேந்தி.

"இருக்கற வரைக்கும் படிங்க" என்றாள். அதைச் சொன்னதும் அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

பாண்டிச்சேரியிலேயே இசைவாணி தன் ஊர் பஸ்ஸில் ஏறிப் போனாள். திரும்பி வருகிற பஸ்ஸில் பிரபாவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நாந்தானேய்யா வாங்கியாந்து குடுத்தேன். ஒரு சந்த வுடாம வாங்கியாந்தேன். வெசத்த வாங்கியாந்து குடுத்துக்கினு இருந்துக்கிறேன்."

"கேட்டது நானு. நீ இன்னா பண்ணுவ?"

"ஒருவாட்டியாவது மறந்திருக்கக் கூடாதா நானு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பஸ்ஸில் நாலு பேர் பார்க்கக் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. படிப்பதற்காகப் போட்ட மருந்து, படிக்கிற கண்ணையே தின்றிருக்கிறது. அதுவும் எதைப் படிப்பதற்கு? பேய்க்கதையையும் பஜ்ஜித் தாளையும்.

மறுநாளே இனி வேலைக்கு வரவில்லை என்று மில்லுக்குச் சொல்லிவிட்டான். குளித்தான். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, வாசற்படிக்கு உள்ளே வெளிச்சம் விழுகிற இடத்தில் பாயை விரித்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். காலமெல்லாம் காத்திருந்த பகல் வந்துவிட்டது, இப்படியொரு வேஷத்தில்.

மலைத் தோட்டத்துக்குப் போன குடும்பத்தின் கதை இருந்தது. பனி கொட்டுகிற ஏதோ தேசத்துக் கதை, வழவழ தாளில், தமிழில் பெயர்த்தது இருந்தது. ஜெயிலுக்குப் போய்வந்த ஒருவனின் வாழ்க்கை இருந்தது. ஆற்றங்கரையில் ஓடம் விடுகிறவர்களைப் பற்றித் தலையணை பருமனில் ஒன்று இருந்தது. அதுதான் அவன் பெட்டிக்குள் முதன்முதலாகப் போட்டது.

எதை எடுப்பது? குண்டுப் புத்தகத்தை எடுத்து, பாதியில் கண் போய்விட்டால்? மீதிக் கதை என்ன ஆயிற்று என்று சாகிறவரைக்கும் நெஞ்சுக்குள் அறுத்துக்கொண்டு கிடக்கும். ஒல்லியாக ஒன்றை எடுத்து முடித்துவிட்டு, கண் இன்னும் மிச்சம் இருந்தால்? அடடா, பெரியதையே படித்திருக்கலாமே என்று அடித்துக்கொள்ள வேண்டும். சரி, சிறுகதைகள், ஒவ்வொன்றும் முழுசாக முடியும் என்று ஒன்றை எடுத்தான். எடுத்துவிட்டு, வாழ்நாளுக்கும் போதுமா இது என்று பார்த்தான். போதாது என்று தோன்றியது. கீழே வைத்துவிட்டான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. புயல் வருகிறது, கடலூருக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் கரையேறும் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்குள் வெளிச்சமே இல்லை. கூலிக்குப் போகிற களை வெட்டு வேலை நின்றுபோனதால் பிரபாவதியும் வீட்டில்தான் இருந்தாள். கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாயா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டு வெச்சிக்கினு இருக்குற?"

"எத எடுக்கறதுன்னு தெரில பிரபா."

"இதுல இன்னா தெரில? கைக்கு வந்தத எடுத்துப் படி."

"கடைசியா படிக்கப் போறது. அதுக்கப்பறம் வேற ஒண்ணும் இல்ல. காலம் பூரா அத வெச்சிதான் நான் உள்ளாறயே ஓட்டணும். தப்பா எடுத்துட்டா?"

"பசிச்சவன் சோத்துல தப்பு சோறு, சரி சோறுன்னு பாப்பானா? சிரிக்கிறாப்ல ஒண்ணு எடுத்துக்கயேன். இருட்டுல கெடக்கச் சொல்லோ நெனச்சி சிரிச்சிக்கலாம்ல."

"இந்தப் பொட்டில சிரிக்கிறது இல்லியே."

"ஏன் இல்ல?"

"சிரிக்கிறதெல்லாம் மில்லுலயே படிச்சிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யோவ், நான் ஒண்ணு சொல்றேன் கேளு. நாளும் வெளிச்சமும் போய்க்கினே இருக்குது. எதாவது ஒண்ண ஜல்தியா எடுத்து ஆரம்பி."

"இந்த மழ வுடட்டும். வெளிச்சம் வரட்டும்" என்றான் அவன். சொன்ன பிறகுதான், அப்பால என்பதையே வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது.

அவன் படிக்காமல் இருந்தான் என்றும் சொல்ல முடியாது. தேர்ந்தெடுப்பதற்காக எல்லாவற்றின் முதல் பக்கத்தையும் திரும்பத் திரும்பப் படித்தான். வரிக்குக் கீழே ஒரு தென்னங்குச்சியை வைத்து, குச்சியை நகர்த்தி நகர்த்திப் படித்தான். முதல் பக்கம் ஒவ்வொன்றும் அவனைப் பார்த்து வா, வா என்றது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால் மற்ற எல்லாவற்றுக்கும் துரோகம் செய்ததாகிவிடும் என்பதுபோல் மூடி வைத்தான். பெட்டியில் இருந்த அத்தனை புத்தகங்களின் முதல் பக்கமும் அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இருந்த கொஞ்சநஞ்சப் பார்வையை அவன் இப்படித்தான் செலவழித்தான். அவனைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் நல்லது இன்னும் பின்னால் இருக்கிறது என்று நம்பியே வாழ்நாளை ஓட்டியவனை, இதுதான் கடைசி என்று எப்படி நம்ப வைப்பது?

பொங்கலுக்கு முந்தின வாரம் வெயில் வந்தது. சுள்ளென்று அடித்து, வாசலெல்லாம் வெளிச்சம். அன்றைக்குக் காலையில் அவனுக்குத் தெளிவாகிவிட்டது. ஓடக்காரர் புத்தகம்தான். முதலில் எடுத்து வைத்தது எதுவோ அதுதான் முதலில் படிக்க வேண்டியது. பாதியில் நின்றால் நிற்கட்டும். இவ்வளவு எளிசான விஷயத்துக்கா இத்தனை நாள் என்று தன்னையே திட்டிக்கொண்டு, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். புத்தகத்தைத் திறந்து, குச்சியை வைத்தான்.

வரி இல்லை.

தாள் தெரிந்தது, மங்கலாக, சலவை வேட்டிபோல. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் புகை இருந்தது. கண்ணைத் துடைத்தான். புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான், தள்ளிப் பிடித்தான், வெயிலில் சாய்த்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த புது மருந்தைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருந்து, மறுபடி திறந்தான். பிறகு, எழுந்து உள்ளே போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். முதல் பக்கம் மனப்பாடம் என்பதால் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டான். பக்கத்தைத் திருப்பினான். அங்கே சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

மத்தியானம் வேலையிலிருந்து வந்த பிரபாவதி, "ஆரம்பிச்சிட்டியா? கத எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள், சந்தோஷமாக.

"பிரபா" என்றான். அவள் வந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். லேசர் அடித்தார்கள், மருந்தை மாற்றினார்கள். போனது வரவில்லை. பகல் எது, ராத்திரி எது என்பதும், எதிரில் ஆள் நின்றால் நிழலும் தெரிந்தன. இசைவாணி வந்தாள். "யப்பா, இப்ப போனே படிச்சிக் காட்டும்பா. போட்டோ புடிச்சாப் போதும்" என்று ஓடக்காரர் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு நேரே போனைப் பிடித்தாள். பழுப்பேறிய தாள், தேய்ந்துபோன மை, அந்தக் காலத்து எழுத்து. போன் ஏதேதோ உளறியது, பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயரை அறிவிக்கிற குரலில். புகழேந்திக்குத் தெரிந்த பக்கம்தான். அதில் ஒரு வார்த்தைகூட அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"வேற கத இருக்குதுப்பா, பேசி வெச்சதே நெறைய இருக்குது. போட்டு வுடட்டா?"

"போடும்மா, கேக்கறேன்" என்றான், அவள் மனம் நோகக் கூடாது என்று. கொஞ்ச நேரம் கேட்டான். அவன் நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை, அவன் ஓட வேண்டிய இடத்தில் ஓடவும் இல்லை. அதுவும் இல்லாமல், அது பெட்டியில் இருக்கிற புத்தகம் இல்லை. அவள் போனதும் நிறுத்திவிட்டான்.

சின்னக்கண்ணு ஒருநாள் வந்தான். "நீ கத சொல்லாம மில்லுல சோறு எறங்க மாட்டேங்குது புகழு. பேஜாரா இருக்குது" என்றான். பிறகு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்து அழுத்தினான். "மல்லாட்ட. நானே பொறுக்கியாந்தேன். சொத்த ஒண்ணு கெடையாது. துன்னு. நான் எடுக்க மாட்டேன்."

புகழேந்தி ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டான். இனி ஒதுக்கி வைப்பதற்குப் பார்வை இல்லை. நடுவில் ஒன்று சொத்தையாக இருந்து கசந்தது. அதையும் விழுங்கிவிட்டு, "நல்லா இருக்குதுடா" என்றான்.

பங்குனியில் மல்லாட்டை பிடுங்குகிற வேலை மும்முரமாயிற்று. பிரபாவதி விடியும் முன்னால் போய், பிடுங்கி, உதறி, காய் ஆய்ந்துபோட்டுவிட்டு, பொழுது சாய வருவாள். அப்படி வந்த ஒரு சாயங்காலம், குளித்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"எது அந்த ஓடக்காரன் பொஸ்தகம்? இந்தக் குண்டா?"

"இன்னாத்துக்கு?"

"நான் படிக்கிறேன்."

அவள் ஐந்தாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் பஸ் பலகையும் ரேஷன் கடைச் சிலேட்டும்தான். "உன்னால முடியாது பிரபா, வுடு. வேல செஞ்சிட்டு வந்துக்கிற" என்றான்.

"நான் வாங்கியாந்த மருந்துலதான போச்சு. நானே படிக்கிறேன்" என்றாள். அவன் அவள் கையிலிருந்த புத்தகத்தைத் தடவிப் பார்த்து, அதுதான் என்று அவள் மடியில் வைத்தான்.

எழுத்து எழுத்தாகக் கூட்டி ஆரம்பித்தாள். "ஆ... ற்... றி... ன் அ... க்கரையில்..." பழைய எழுத்து வரும்போதெல்லாம் தடுக்கி நின்றாள். அவள் தடுக்கிய இடத்திலெல்லாம் அவன் வார்த்தையை எடுத்துக் கொடுத்தான். முதல் பக்கம்தானே, அவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இரண்டு பேருமாக அந்தப் பக்கத்தைக் கடப்பதற்குள் தெருவில் ஆடு மாடெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். இனி எடுத்துக் கொடுக்க அவனிடம் ஒன்றும் கிடையாது. எல்லாம் புதுசு. கால்களை மடக்கி, அவள் பக்கமாகச் சாய்ந்து, காதைக் கொடுத்தான்.

"ஓடம்... நடு... ஆற்றில்... நின்றது. அவள்... ஏன்... நிறு... நிறுத்தி... விட்டாய்... என்று... கேட்டாள். அவன்... துடுப்பை... உள்ளே... எடுத்து... வைத்துவிட்டு... அவள்... முகத்தைப்... பார்த்து..."

நின்றது. தடுக்கியிருக்கும் என்று காத்திருந்தான். பெரிய வார்த்தையாக இருக்கும், உள்ளுக்குள் கூட்டிப் பார்க்கிறாள் போலிருக்கிறது.

"பாத்து?" என்றான் மெதுவாக. "பாத்து இன்னா சொன்னான் பிரபா?"

அவள் தலை அவன் தோளில் வந்து விழுந்தது. ஈரமண்ணும் மல்லாட்டைக் கொடியுமாக ஒரு வாசனை, குளித்தும் போகாமல், அவள் மேலிருந்து வந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. நாளைக்கும் விடியும் முன்னால் அவள் மல்லாட்டைக் கொல்லையில் நிற்க வேண்டும். ஒரு தட்டுத் தட்டினால் எழுந்துகொள்வாள். எழுந்து, மன்னிச்சிக்கயா என்று சொல்லிவிட்டுப் படிப்பாள்.

அவன் தட்டவில்லை. அவள் மடியிலிருந்து சரிந்த புத்தகத்தை மூடிக்கொள்ளாமல் தடவிப் பிடித்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். அவள் விட்ட இடம் போய்விடக் கூடாது என்று விரலைத் தாளின் மேல் அழுத்தி வைத்தான். ஓடக்காரன் சொன்ன பதில் அந்தத் தாளில்தான், எங்கோ அந்த விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. விரல் எந்த வரியின் மேல் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை.